வீட்டிலிருந்தே கம்பெனி மெயில்: ஒரு சின்ன சர்வருக்கு வயர்கார்டு வழி அமைத்த அனுபவம்

திருப்பூரில் மெர்ச்சண்டைசர் வேலை (வெளிநாட்டுப் பையர்களிடம் ஆர்டர் பேசி முடிக்கும் வேலை) பார்ப்பவர்களுக்குப் பாதி நாள் போன பிறகுதான் வேலை சூடு பிடிக்கும். ஜெர்மனியிலோ நெதர்லாந்திலோ பையர் அலுவலகம் திறக்கும்போது நமக்கு மதியச் சாப்பாட்டு நேரம். லேப் டிப் (சாயத்தின் நிற மாதிரி) பாஸ் ஆனதா, சைஸ் செட்டில் (ஒவ்வொரு அளவிலும் தைத்த மாதிரிகளில்) கழுத்து அளவு மாறுகிறதா, ஷிப்மெண்ட் ஒரு வாரம் முன்னால் போகுமா என்ற கேள்விகளெல்லாம் சாயங்காலத்துக்கு மேல்தான் வந்து விழும். நான் சர்வர் பார்த்துக் கொடுக்கும் ஒரு சின்ன ஏற்றுமதி கம்பெனியில், ஆபீசுக்குள் உட்கார்ந்தால்தான் மெயில் பார்க்க முடியும் என்ற நிலை பல வருடமாக இருந்தது. பையரின் பதிலுக்காக ராத்திரி ஒன்பது மணிவரை காத்திருந்து, அதற்கப்புறம் அவிநாசிக்கும் பல்லடத்துக்கும் பஸ் பிடிக்கிறவர்கள் அங்கே இருந்தார்கள். தூத்துக்குடியில் துறைமுக வேலையைக் கவனிப்பவருக்கோ கம்பெனி மெயிலே கிடையாது. இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட் எல்லாம் வாட்ஸ்அப்பில் போட்டோவாகப் போய்க்கொண்டிருந்தன.

"வீட்ல இருந்தே மெயில் பாக்கற மாதிரி பண்ணிக் குடுங்க. ஆனா கண்டவனும் உள்ளே வந்துடக் கூடாதுங்க" என்றார் முதலாளி. இந்த இரண்டு வாக்கியத்துக்குள் முழு வேலையும் அடங்கிவிடும். முதல் பாதி சுலபம். இரண்டாவது பாதிதான் இந்தப் பதிவு.

முதலில் இருந்த நிலை. ஆபீசில் ஒரு சின்ன சர்வர், அதில் டெபியன் 12 என்ற லினக்ஸ். வெளியுலக மெயிலை வாங்கவும் அனுப்பவும் போஸ்ட்ஃபிக்ஸ், பெட்டிகளைத் திறந்து காட்ட டவ்காட். ஃபைபர் இணைப்பில் நிலையான பொது ஐபி (இணையத்தில் நம்மைக் கண்டுபிடிக்கும் முகவரி எண்) உண்டு. ரவுட்டரில் வெளியிலிருந்து திறந்திருந்தது 25-ஆம் போர்ட் (எண் போட்ட கதவு மாதிரி) ஒன்றுதான். வெளி சர்வர்கள் மெயில் கொண்டுவந்து போட அது கட்டாயம் வேண்டும். பழைய ஆட்கள் மெயிலைத் தம் கணினிக்கு இழுத்துக்கொள்ளும் பாப்3-லும், புதியவர்கள் மெயிலைச் சர்வரிலேயே வைத்துப் பார்க்கும் ஐமேப்பிலும் இருந்தார்கள்.

அவசரத்துக்கு ஒருவர் செய்து வைத்திருந்த ஏற்பாடும் ஒன்று இருந்தது: நாலைந்து பேரின் மெயிலை அவரவர் சொந்த இலவச மெயில் கணக்குக்கு ஃபார்வர்ட் செய்வது. பார்க்க எளிமையாகத் தெரியும், ஆனால் இதைத்தான் நான் முதலில் நிறுத்தினேன். பையர் அனுப்பிய மெயிலை நம் சர்வர் அப்படியே திருப்பிவிடும்போது, உறையின் மேல் பையரின் முகவரி இருக்கும், கொண்டுபோய்க் கொடுப்பதோ நம் ஐபி. பையரின் டொமைனுக்கான எஸ்பிஎஃப் பதிவில் (அந்தப் பெயரில் மெயில் அனுப்பலாம் என்ற ஐபிகளின் பட்டியலில்) நம் ஐபி இருக்காது. எனவே வாங்குகிற பக்கம் சந்தேகப்படும், சில மெயில்கள் ஸ்பேம் பெட்டிக்குள் போய்விடும். இதைவிடப் பெரிய ஆபத்து பதில் எழுதும்போது. ராத்திரி அவசரத்தில் சொந்தக் கணக்கிலிருந்தே பையருக்குப் பதில் போய்விடும். ஏற்றுமதித் தொழிலில் "எங்கள் பேங்க் அக்கவுண்ட் மாறிவிட்டது, பணத்தை இதில் போடுங்கள்" என்று கம்பெனி பெயரில் போலி மெயில் அனுப்பி ஏமாற்றுவது உலகம் முழுக்க நடக்கிறது. நம் ஆட்களே வேறு வேறு முகவரியிலிருந்து எழுதுவதைப் பையர் பழகிக்கொண்டால், திருடன் எழுதுவதையும் நம்பிவிடுவார். கம்பெனி மெயில் கம்பெனி முகவரியிலிருந்துதான் போக வேண்டும், கம்பெனி சர்வர் வழியாகத்தான் போக வேண்டும். இதில் நான் விட்டுக்கொடுப்பதில்லை.

இன்னொரு வழி, ரவுட்டரில் மெயில் பார்க்கும் 993-ஐயும் அனுப்பும் 587-ஐயும் திறந்துவிடுவது. பலர் இப்படித்தான் வைத்திருக்கிறார்கள், வேலையும் செய்யும். ஆனால் திறந்த நிமிடத்திலிருந்து உலகத்தின் எல்லா மூலையிலிருந்தும் கடவுச்சொல் ஊகிக்கும் நிரல்கள் வந்து கதவைத் தட்டிக்கொண்டே இருக்கும். திரும்பத் திரும்பத் தவறும் ஐபியை அடைக்கும் ஃபெயில்2பேன் போட்டுத் தடுக்கலாம். ஆனால் நம் ஊரில் மொபைல் இணைப்புகள் பெரும்பாலும் ஒரே பொது ஐபியைப் பல பேருக்குப் பகிர்ந்து கொடுப்பவை. யாரோ ஒருவருடைய பழைய ஃபோனில் பழைய கடவுச்சொல் தங்கிவிட்டால், அது திரும்பத் திரும்ப முயன்று, அந்த ஐபியே தடைப்பட்டு, அதன் பின்னால் இருக்கும் நம் ஆட்கள் எல்லோரும் வெளியே நிற்பார்கள். ஸ்பேம் தடுப்பு அமைப்பான ஸ்பாம்ஹவுஸின் பிபிஎல் பட்டியல் வேறு இருக்கிறது. வீட்டு இணைப்பு ஐபிகள் நேரடியாக மெயில் சர்வர்களுக்கு மெயில் அனுப்பக் கூடாது என்பதற்காக அவற்றைத் தொகுத்து வைத்திருக்கும் பட்டியல் அது. நம் போஸ்ட்ஃபிக்ஸில் அந்தச் சோதனை, உள்நுழைந்தவரா என்று பார்ப்பதற்கு முன்னால் வந்துவிட்டால், வீட்டிலிருந்து அனுப்பும் நம் ஊழியரின் மெயிலை நம் சர்வரே தள்ளிவிடும்.

ரவுண்ட்கியூப் என்ற வெப்மெயில் போட்டு பிரவுசரிலேயே பார்க்கலாமே என்றும் கேட்டார்கள். 2025 ஜூனில் அதில் வெளியான ஓட்டையை நினைத்துப் பார்க்க வேண்டும். ஒரே ஒரு ஊழியரின் கடவுச்சொல் கையில் இருந்தால் போதும், சர்வரிலேயே கட்டளை ஓட்டலாம். சுமார் பத்து வருடம் யார் கண்ணிலும் படாமல் அந்த நிரலுக்குள் கிடந்த ஓட்டை அது. நல்ல மென்பொருள்தான், நானும் பயன்படுத்துகிறேன். அதை உலகத்தைப் பார்த்துத் திறந்து வைக்க வேண்டாம் என்பதே என் கருத்து.

மாதச் சந்தாவுக்கு வெளியே மெயில் வாங்கிக்கொள்வது நேர்மையான மாற்று. சர்வரைத் தொடர்ந்து கவனிக்க ஆள் இல்லாத கம்பெனிக்கு நான் அதையேதான் சொல்வேன். இங்கே பல வருட மெயில் உள்ளேயே இருந்தது, பார்த்துக்கொள்ள ஆளும் இருந்தது. அதனால் சர்வர் இருக்கும் இடத்திலேயே இருக்கட்டும், ஆட்கள் மட்டும் ஒரு தனி வழியாக உள்ளே வரட்டும் என்று முடிவானது.

வழி போட்டது

அந்தத் தனி வழிதான் வயர்கார்டு: இணையத்தின் ஊடே பூட்டிய ஒரு சுரங்கப்பாதை (டனல்) போடும் விபிஎன் மென்பொருள். 2020 மார்ச்சில் வந்த லினக்ஸ் 5.6-லிருந்து அது லினக்ஸின் மையமான கெர்னலுக்குள்ளேயே இருக்கிறது, டெபியன் 12-ல் அதன் கருவிகளை மட்டும் நிறுவினால் போதும். எனக்கு அதில் பிடித்தது அதன் மௌனம். நமக்குத் தெரிந்த சாவியால் பூட்டிய பொட்டலம் வந்தால்தான் பதில் சொல்லும், மற்ற எதற்கும் வாயே திறக்காது. வெளியிலிருந்து போர்ட் தேடும் நிரலுக்கு அங்கே ஒன்று இருப்பதே தெரியாது. ரவுட்டரில், வயர்கார்டு பேசும் யுடிபி 51820 போர்ட்டை மட்டும் சர்வருக்குத் திருப்பினேன். கூடவே யுடிபி 443-ஐயும் அதே இடத்துக்கு. ஓட்டல் வைஃபைகளிலும் பையர் அலுவலக வைஃபைகளிலும் தெரியாத போர்ட்களை அடைத்து வைத்திருப்பார்கள். இன்றைய பிரவுசர்கள் குயிக் நெறிமுறைக்கு யுடிபி 443-ஐப் பயன்படுத்துவதால் அது பல இடங்களில் திறந்திருக்கும்.

முகவரி விஷயத்தில் கொஞ்சம் யோசித்தேன். ஆபீஸ் லேன் (உள் நெட்வொர்க்) 192.168.1 வரிசையில் இருக்கிறது, மெயில் சர்வர் 192.168.1.10. நம் வீடுகளில் ஃபைபர் கம்பெனி வைத்துவிட்டுப் போகும் ரவுட்டர்கள் பலவும் இதே வரிசையில்தான் வரும். வீட்டு லேப்டாப்பிடம் 192.168.1.10 எங்கே என்று கேட்டால், அது வீட்டுக்குள்ளேயே தேடும். யார் வீட்டில் டிவியோ கேமராவோ அந்த எண்ணில் இருக்கிறது என்று நாம் தேடிக்கொண்டிருக்க முடியாது. அதனால் டனலுக்கென்று 10.77.14 வரிசையைத் தனியாக எடுத்து, சர்வருக்கு 10.77.14.1 கொடுத்தேன். ஊழியர்களின் சாதனங்களில் "இந்த டனல் வழியாகப் போக வேண்டியது 10.77.14.1 ஒன்றே" என்று எழுதினேன். யூடியூப், பிள்ளைகளின் ஆன்லைன் வகுப்பு எல்லாம் அவரவர் வீட்டு இணைப்பிலேயே போகும், ஆபீஸ் லைனைத் தொடாது.

சர்வரில் பொட்டலங்களைக் கடத்திவிடும் வசதியை அணைத்தே வைத்திருக்கிறேன். டனலில் வருபவர் மெயில் சர்வரோடு நிற்க வேண்டும், அதைத் தாண்டி ஆபீஸ் லேனுக்குள் போக வழியில்லை. டனல் பக்கம் திறந்திருப்பது ஐமேப்புக்கு 993, அனுப்புவதற்கு 465, ரவுண்ட்கியூபுக்கு 443. "அப்படியே டேலியும் வீட்ல தெரியற மாதிரி பண்ணிடலாமா?" என்று கணக்குப் பிரிவில் கேட்டார்கள். இப்போதைக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஒரு கதவு எதற்காகத் திறந்ததோ அதற்கு மட்டும் இருந்தால்தான் நாளைக்குப் பிரச்சினை வரும்போது தேடும் இடம் சின்னதாக இருக்கும்.

சாவி கொடுப்பதில் ஒரே விதி: ஒரு சாதனத்துக்கு ஒரு சாவி. லேப்டாப்புக்கு ஒன்று, ஃபோனுக்கு வேறொன்று. லேப்டாப்பில் வயர்கார்டு செயலியிலேயே சாவி ஜோடியை (ரகசியமான தனிச்சாவி ஒன்று, வெளியே கொடுக்கும் பொதுச் சாவி ஒன்று) உருவாக்கச் சொல்லி, பொதுச் சாவியை மட்டும் எனக்கு அனுப்பச் சொன்னேன். அது ரகசியமில்லை, வாட்ஸ்அப்பில் வந்தாலும் பரவாயில்லை. ஃபோனில் அத்தனை வரிகளைத் தட்டச்சு செய்வது கொடுமை என்பதால், ஆபீசில் நேரில் உட்கார வைத்து கியூஆர் கோட் காட்டி ஸ்கேன் செய்ய வைத்து, அங்கேயே கோப்பை அழித்தேன். அந்தக் கியூஆருக்குள் தனிச்சாவி இருக்கிறது, அதை மட்டும் போட்டோ எடுத்து யாருக்கும் அனுப்பக் கூடாது. எந்தச் சாவி யாருடைய எந்தச் சாதனம், எந்த எண் என்று ஒரு நோட்டில் எழுதி, ஒரு நகலை முதலாளியிடமும் கொடுத்தேன்.

ஒவ்வொரு சாதனத்துக்கும் தனி எண் கொடுத்ததன் பலன் டவ்காட் லாகில் தெரிகிறது. 10.77.14.23 என்றால் யாருடைய ஃபோன் என்று உடனே சொல்லிவிடலாம். அனுப்பும் மெயிலின் தலைப்பிலும் ஊழியரின் வீட்டு ஐபி வராது.

போஸ்ட்ஃபிக்ஸில் இரண்டு வேலை. 25-ஆம் போர்ட்டில் உள்நுழையும் வசதியை முழுக்க எடுத்துவிட்டு, 465-ல் மட்டும் வைத்தேன். 25-ல் கடவுச்சொல் கேட்பதே இல்லை என்றால் ஊகிப்பதற்கும் ஒன்றுமில்லை. அப்புறம், யார் எந்தப் பெயரில் நுழைகிறாரோ அவருக்கு உரிய முகவரியிலிருந்து மட்டுமே அனுப்ப முடியும் என்று கட்டினேன். டனல் வரிசையை "நம்பகமான நெட்வொர்க்" பட்டியலில் சேர்த்துவிட்டால் கடவுச்சொல்லே இல்லாமல் அனுப்பலாமே என்று தோன்றும். சேர்க்கக் கூடாது. வீட்டு லேப்டாப்பில் பிள்ளைகள் எதையாவது நிறுவி வைரஸ் வந்தால், அது நம் சர்வர் வழியாகவே ஊருக்கெல்லாம் ஸ்பேம் அனுப்பும், நம் ஐபி கெட்டுப்போகும், பையருக்குப் போக வேண்டிய உண்மையான மெயிலும் நின்றுவிடும்.

பெயரும் சான்றிதழும்

டனலே பூட்டித்தானே இருக்கிறது, உள்ளே எதற்கு இன்னொரு பூட்டான டிஎல்எஸ் என்று கேட்கலாம். மெயில் செயலிகள் முறையான சான்றிதழ் இல்லாவிட்டால் எச்சரிக்கை காட்டிக்கொண்டே இருக்கும். அந்த எச்சரிக்கையைத் தள்ளிவிட்டுப் போகும் பழக்கத்தை ஊழியர்களுக்கு நாமே கற்றுக் கொடுக்கக் கூடாது. எனவே வெளி சர்வர்களுக்கான எம்எக்ஸ் பெயரைத் தொடாமல், ஊழியர்களுக்கென்று ஒரு தனிப் பெயர் வைத்து, பொது டிஎன்எஸ்ஸில் (பெயருக்கு உரிய ஐபியைச் சொல்லும் இணைய அட்டவணையில்) அதை 10.77.14.1-க்குக் காட்டினேன். இலவசச் சான்றிதழ் தரும் லெட்ஸ் என்கிரிப்ட் இந்த உள்முகவரிக்கு வந்து சரிபார்க்க முடியாது, ஆகவே டிஎன்எஸ்ஸில் ஒரு குறிப்பை எழுதி நிரூபிக்கும் முறையில் செர்ட்பாட் என்ற கருவி மூலம் சான்றிதழ் வாங்கினேன். அது 90 நாளைக்குத்தான் செல்லும், தானாகப் புதுப்பித்துக்கொள்ளும். புதுப்பித்த கையோடு டவ்காட்டையும் போஸ்ட்ஃபிக்ஸையும் ரீலோட் செய்யும் வரியையும் சேர்த்து வைக்க வேண்டும். இல்லையென்றால் வட்டில் புதுச் சான்றிதழ் இருக்கும், டவ்காட் நினைவில் இருக்கும் பழையதையே காட்டிக்கொண்டிருக்கும்.

ஆபீசுக்குள் இருக்கும்போது அதே பெயருக்கு ரவுட்டரின் டிஎன்எஸ் 192.168.1.10 என்று பதில் சொல்லும். லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு ஆபீசுக்கு வந்தாலும் வீட்டுக்குப் போனாலும் அமைப்பில் எதையும் மாற்ற வேண்டாம். டனல் ஆன் செய்து இருந்தாலும் ஆஃப் செய்து இருந்தாலும் ஆபீசில் மெயில் வரும். சாதனங்கள் பழைய பதிலையே பிடித்துக்கொண்டிருக்காமல் இருக்க, அந்த டிஎன்எஸ் பதிலின் ஆயுளை ஐந்து நிமிடமாகக் குறைத்து வைத்தேன். சில வீட்டு ரவுட்டர்கள் மட்டும், பொதுப் பெயருக்கு உள்முகவரி பதிலாக வந்தால் அதை ஏமாற்று வேலை என்று நினைத்து விழுங்கிவிடும். ஆண்ட்ராய்டு ஃபோனில் தனிப்பட்ட டிஎன்எஸ் அமைப்பை ஆன் செய்ததும் அது சரியானது. ஆனால் அப்படிச் செய்த ஃபோன்கள் ஆபீஸ் வைஃபையிலும் வெளிப் பதிலையே வாங்கும், டனல் வழியாகவே வரப் பார்க்கும். உள்ளேயிருந்து நம் பொது ஐபிக்கே போய்த் திரும்பி வர ரவுட்டரில் ஒரு விதி சேர்த்தபின் அதுவும் ஓடியது.

வீடுகளில் வந்த சிக்கல்கள்

சர்வர் வேலை சீக்கிரம் முடிந்துவிட்டது. மீதி எல்லாமே ஆட்களின் வீட்டு நிலைமையோடுதான். இதற்காகத்தான் இந்தப் பதிவை எழுத வேண்டும் என்று நினைத்தேன்.

அவிநாசியிலிருந்து ஒரு மெர்ச்சண்டைசர் கூப்பிட்டார். "மெயில் வருதுங்கண்ணா, லிஸ்ட் எல்லாம் தெரியுது. டெக் பேக் பிடிஎஃப்பைத் தொட்டா மட்டும் சுத்திக்கிட்டே இருக்குது." சின்ன மெயில் திறக்கும், பெரியது தொங்கும் என்றால் கடவுச்சொல்லையும் சர்வரையும் சந்தேகப்பட வேண்டாம், பொட்டலத்தின் அளவைப் பார்க்க வேண்டும். வயர்கார்டு பொதுவாக டனலுக்குள் 1420 பைட் வரை அனுமதிக்கும். சாதாரண வழியின் 1500-ல் தன் உறைக்கு 80 கழித்த கணக்கு அது. இவர் வீட்டில் ஃபோன் ஹாட்ஸ்பாட்டில் லேப்டாப்பை ஓட்டுகிறார். மொபைல் வழியில் அத்தனை இடம் கிடைக்காது. பொட்டலம் பெரிதாக இருக்கிறது என்று திருப்பிச் சொல்ல வேண்டிய செய்தியும் நடுவில் எங்கோ தொலைந்துவிடுகிறது. சர்வர் அனுப்பிக்கொண்டே இருக்கிறது, பெரிய பொட்டலங்கள் விழுந்துகொண்டே இருக்கின்றன, சின்னவை மட்டும் போய்ச் சேர்கின்றன. உடைக்கக் கூடாது என்ற குறியோடு ஆபீஸ் பொது ஐபிக்குப் பிங் (சோதனைப் பொட்டலம்) அனுப்பி, அளவை ஏற்றி இறக்கிப் பார்க்கச் சொன்னேன். 1372-க்கு மேல் போகவில்லை. தலைப்பின் 28-ஐச் சேர்த்தால் வழியின் உண்மையான கொள்ளளவு 1400. லேப்டாப்பின் டனல் அமைப்பில் எம்டியு (ஒரு பொட்டலத்தின் அதிகபட்ச அளவு) 1280 என்று ஒரு வரி சேர்த்ததும் பிடிஎஃப் திறந்துவிட்டது. சர்வர் பக்கம் எதையும் மாற்ற வேண்டியிருக்கவில்லை. இணைப்பு தொடங்கும்போதே எவ்வளவு பெரிய துண்டு வாங்குவேன் என்று லேப்டாப் சொல்லிவிடும், சர்வர் அதற்குள் அடக்கிக்கொள்ளும். அன்றிலிருந்து எல்லாச் சாதனத்துக்கும் 1280 என்றே கொடுக்கிறேன். மெயிலுக்கு அதனால் ஒரு நஷ்டமும் இல்லை.

இன்னொருவருக்குக் காலையில் ஓடும், மதியம் நிற்கும், ராத்திரி மறுபடி ஓடும். சர்வரில் வயர்கார்டின் நிலையைக் காட்டும் கட்டளையைப் போட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அவருடைய சாவிக்கு எதிரே இருக்கும் வெளி முகவரி, ஒரு நிமிடம் வீட்டு ஃபைபர் ஐபி, அடுத்த நிமிடம் மொபைல் ஐபி, மறுபடி ஃபைபர் என்று தாவிக்கொண்டிருந்தது. லேப்டாப்பில் இருந்த அமைப்புக் கோப்பைப் புதுசாக வாங்கிய ஃபோனிலும் ஏற்றியிருந்தார். ஒரே சாவியை இரண்டு சாதனம் பிடித்துக்கொண்டால், கடைசியாகப் பேசியவரிடம்தான் சர்வர் பதில் கொடுக்கும், மற்றவருக்கு ஒன்றும் போகாது. ஃபோனுக்குத் தனிச் சாவி போட்டுக் கொடுத்தேன், முடிந்தது. வயர்கார்டு நடத்துகிறவர்கள் இந்தக் கட்டளையைப் பழகிக்கொள்ள வேண்டும். சாதனமும் சர்வரும் சாவி சரிபார்த்துக் கடைசியாகக் கைகுலுக்கியது எப்போது என்று அது காட்டும். போக்குவரத்து இருக்கும்போது சுமார் இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை அது புதுப்பிக்கப்படும். அதைவிட ரொம்பப் பழையதாக இருந்தால் மெயில் அமைப்பைத் தோண்ட வேண்டாம், டனலே நின்றிருக்கிறது.

ஒரு பழைய லேப்டாப்பில் மதர்போர்டு பேட்டரி செத்துப்போய், ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் தேதி சில வருடம் பின்னால் போய்விடும். வயர்கார்டு கைகுலுக்கலில் நேரக்குறி இருக்கிறது. முன்பு வந்ததைவிடப் பழைய நேரத்தோடு வந்தால், யாரோ பழைய பொட்டலத்தைத் திரும்பப் போடுகிறார் என்று சர்வர் ஒதுக்கிவிடும். புது நாணய பேட்டரி ஒன்று போட்டதும் சரியானது.

ஃபோன்களில் புது மெயில் மணி அடிக்கவில்லை என்ற புகார் பரவலாக வந்தது. ஐமேப்பில் ஃபோன் காத்துக்கொண்டு படுத்திருக்கும், மெயில் வந்தால் சர்வர்தான் தட்டி எழுப்ப வேண்டும். ஆனால் மொபைல் இணைப்பில் கொஞ்ச நேரம் பேச்சு இல்லாவிட்டால், நடுவில் இருக்கும் கருவி அந்த யுடிபி வழியை மறந்துவிடும். சர்வர் தட்டுவது யாருக்கும் கேட்காது. 25 நொடிக்கு ஒருமுறை ஒரு சின்னப் பொட்டலம் அனுப்பி வழியைத் திறந்தே வைக்கும் வசதி வயர்கார்டில் இருக்கிறது. சாதனத்தின் பக்கம் அதைப் போட்டேன். பேட்டரி கொஞ்சம் கூடுதலாகச் செலவாகும், அதைச் சொல்லிவிட்டுத்தான் செய்தேன். ஆண்ட்ராய்டில் விபிஎன் எப்போதும் இயங்கட்டும் என்ற பொத்தானையும் ஆன் செய்ய வேண்டும். அதற்குக் கீழேயே விபிஎன் இல்லாத இணைப்புகளைத் தடுக்கும் பொத்தான் ஒன்று இருக்கும். அதைத் தொடக் கூடாது. நம் டனலில் மெயில் மட்டும்தான் போகிறது என்பதால், அதைப் போட்டால் ஃபோனில் மற்ற எல்லாம் நின்றுவிடும்.

ஒருவருக்கு டனல் ஓடுகிறது, பிரவுசரில் ரவுண்ட்கியூப் திறக்கிறது, ஆனால் மெயில் செயலி மட்டும் சர்வரே இல்லை என்கிறது. அவர் வைத்திருந்தது பலரும் பயன்படுத்தும் ஒரு செயலி. அது ஃபோனிலிருந்து நேராக நம் சர்வருக்கு வராது. கடவுச்சொல்லை வாங்கித் தன் கம்பெனியின் கிளவுடில் வைத்துக்கொண்டு, அங்கிருந்து வந்து மெயிலை எடுத்துப் போகும். கிளவுடுக்கு நம் டனல் தெரியாது, வர முடியவில்லை. இந்தத் தடை எனக்கு நிம்மதியைத்தான் கொடுத்தது. கம்பெனியின் கடவுச்சொல் வேறொருவர் சர்வரில் உட்கார வேண்டிய அவசியமில்லை. எல்லா ஆண்ட்ராய்டு ஃபோன்களிலும் 2024-ல் வந்த தண்டர்பேர்ட் செயலியைப் போட்டோம். முன்பு கே-9 மெயில் என்று இருந்ததன் வழி வந்தது அது.

பெட்டிகளை ஒழுங்கு செய்தது

கணக்குப் பிரிவு அக்காவின் கணினி பாப்3-ல் இருந்தது. மெயில் வந்ததும் தன் வட்டுக்கு இழுத்துக்கொண்டு சர்வரிலிருந்து அழித்துவிடும். அவர் வீட்டிலிருந்து பார்த்தால் இன்பாக்ஸ் காலியாகத்தான் இருக்கும். அந்த வட்டு போனால் பல வருடப் பேச்சுவார்த்தையும் அதோடு போகும். அதே கணினியில் ஐமேப் கணக்கையும் சேர்த்து, பழைய கோப்புறைகளை வருட வாரியாகச் சர்வருக்கு ஏற்றினோம். ஒரேயடியாக இழுத்தால் நடுவில் நின்றுவிடும், எது போனது எது போகவில்லை என்று தெரியாது. ஒரு வருடம் ஏற்றுவது, எண்ணிக்கை சரியா என்று பார்ப்பது, அடுத்த வருடத்துக்குப் போவது. பாப்3 கணக்கை உடனே நீக்காமல் இழுப்பதை மட்டும் நிறுத்தி வைத்து, எல்லாம் வந்துவிட்டது என்று அக்காவே சொன்னபின்தான் நீக்கினேன். அப்புறம் சர்வரிலேயே பாப்3-ஐ அணைத்தாயிற்று.

ஃபோனில் அனுப்பிய மெயில் லேப்டாப்பில் தெரியவில்லை என்பது அடுத்தது. ஒவ்வொரு செயலியும் அனுப்பியவற்றுக்குத் தன் விருப்பப்படி ஒரு பெயரில் கோப்புறை உண்டாக்கும், ஒரே ஆளுக்கு மூன்று "அனுப்பியவை" இருக்கும். பையரிடம் என்ன விலை சொன்னோம் என்று தேடும்போது இது விளையாட்டான விஷயமில்லை. டவ்காட்டில் எது அனுப்பியவற்றுக்கான கோப்புறை, எது குப்பை, எது வரைவு என்று குறி போட்டு, பழையவற்றை அதற்குள் சேர்த்தேன். நல்ல செயலிகள் அந்தக் குறியைப் பார்த்துத் தாமே பொருந்திக்கொண்டன. ஒன்றிரண்டில் கையால் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது.

ஷிப்பிங் பெட்டி ஒன்று இருக்கிறது. அதன் கடவுச்சொல் மூன்று பேருக்குத் தெரியும், வேலையை விட்டுப் போனவர்களுக்கும் தெரியும். டவ்காட்டின் அனுமதிப் பட்டியல் வசதியைப் போட்டு, அந்தப் பெட்டியை அவரவர் கணக்குக்குள்ளேயே பகிர்ந்த கோப்புறையாகத் தெரிய வைத்து, பொதுக் கடவுச்சொல்லை ஒழித்தேன். தூத்துக்குடிக்காரருக்கு இப்போது ஆவணங்கள் அசல் பிடிஎஃப்பாகவே அங்கே கிடைக்கின்றன. டெபியன் 13-க்குப் போக நினைப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: அதில் வரும் டவ்காட் 2.4-ல் அமைப்புக் கோப்பு எழுதும் முறையே மாறிவிட்டது, 2.3-க்கு எழுதியதை அப்படியே வைத்தால் ஓடாது. நான் அதற்குத் தனியாக நேரம் ஒதுக்கி வைத்திருக்கிறேன்.

இந்த ஏற்பாட்டுக்குச் சோதனை சீக்கிரமே வந்தது. ஈரோட்டிலிருந்து வரும் ஒருவர் பஸ்ஸில் ஃபோனைத் தொலைத்துவிட்டு, வேறொருவர் ஃபோனிலிருந்து கூப்பிட்டார். நோட்டைப் பார்த்து, அந்த ஃபோனின் சாவியைச் சர்வரிலிருந்து எடுத்துவிட்டேன். அவருடைய லேப்டாப் சாவி அப்படியே இருந்தது, ராத்திரி அதில் மெயில் பார்த்தார். கடவுச்சொல்லையும் மாற்றினோம், ஃபோனில் அது சேமித்திருக்கும் என்பதால். சாவி ஒன்றையே எல்லோருக்கும் கொடுத்திருந்தால் அன்றைக்கு எல்லோருடைய வீட்டுக்கும் போக வேண்டியிருந்திருக்கும்.

பாக்கி இருப்பது ஒன்று. சாலை தோண்டும்போது ஃபைபர் அறுந்தால் டனலும் போய்விடும். அந்த நேரத்தில் வெளியிலிருந்து வரும் மெயில் தொலைந்துவிடாது, அனுப்பும் சர்வர்கள் காத்திருந்து மறுபடி மறுபடி முயலும். போஸ்ட்ஃபிக்ஸ் போன்றவை இயல்பாக ஐந்து நாள்வரை வைத்திருக்கும். ஆனால் ஆட்களுக்குப் பழைய மெயிலைக்கூடப் பார்க்க முடியாது. ஆபீசில் இரண்டாவது இணைப்பு ஒன்று இருக்கிறது. அதில் கிடைப்பதோ 100.64-ல் தொடங்கும் பகிர்ந்த முகவரி, வெளியிலிருந்து யாரும் அதற்குள் வர முடியாது. உள்ளிருந்து வெளியே போகலாம் என்பதால், மாத வாடகைக்குச் சின்ன விபிஎஸ் (டேட்டா சென்டரில் இருக்கும் மெய்நிகர் சர்வர்) ஒன்று எடுத்து, ஆபீஸ் சர்வரே அங்கே போய் டனல் போட்டுக் காத்திருக்கும்படி அமைத்துக்கொண்டிருக்கிறேன். ஊழியர்களும் அங்கேயே வந்து சேருவார்கள். விபிஎஸ்ஸில் மெயிலும் இருக்காது, கடவுச்சொல்லும் இருக்காது. பூட்டிய பொட்டலத்தை இந்தப் பக்கம் வாங்கி அந்தப் பக்கம் கொடுப்பது மட்டும்தான் அதன் வேலை. முதலில் ஆபீஸ் சர்வரின் டனல் இரண்டாவது லைனில் விடாமல் நிற்கிறதா என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன். அது உறுதியானதும் ஊழியர்களின் சாதனங்களில் இரண்டாவது டனலாக அதைச் சேர்க்க வேண்டும்.